டியூட்டி நேரத்தில் பால் கொடுத்தவள்

1

என் மகள் ஜாய்ஸ் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டாள். ‘இதெல்லாம் ஒரு விஷயமா, இதற்கு ஒரு கட்டுரை வேறா’ என்று கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. விஷயம்தான். போன வாரம் முழுக்க, இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஜாய்ஸ் இஞ்சினியர். புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் எங்கே போக வேண்டும், சாக்கடை எங்கே போக வேண்டும் என்று வரைபடம் போடுகிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பிள்ளை பெற்று ஆறு மாதம் முடிவதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மருமகன் டேனியல் வாரத்தில் பாதி நாள் வேறு ஊரில் இருக்கிறான். ஆகவே பேத்தியைப் பார்த்துக்கொள்வது நானும் என் வீட்டுக்காரரும்தான். பேத்தியோ பாட்டிலைக் கண்டால் போலீஸைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேறு வழியில்லாமல், தினமும் மதியம் நாங்கள் இரண்டு பேரும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஏறி, ஜாய்ஸின் ஆபீஸுக்குப் போய், பால் குடிக்க வைத்து, திரும்பி வருகிறோம்.

அங்கே வாசலில் வருகைப் பதிவு உண்டு. யாரைப் பார்க்க, எதற்காக என்று எழுத வேண்டும். முதல் நாள் ‘எதற்காக’ என்ற இடத்தில் நான் இங்கிலீஷில் ‘பால்’ என்று எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, பால் பாட்டில்களைச் சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கை காட்டினாள். இவர் சிரித்த சிரிப்பில் வண்டியிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. இத்தனை வருஷம் இந்த நாட்டில் சோறு தின்றும் என் இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது மீட்டிங் முடியவில்லை. வெளியாட்கள் வந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜாய்ஸ் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி முதலில் சிணுங்கினாள், அப்புறம் கத்தினாள், அப்புறம் அந்த ஆபீஸ் அதுவரை கேட்டிராத ஒரு குரலை எடுத்தாள். ஜாய்ஸ் விறுவிறுவென்று வெளியே வந்தாள், குழந்தையைத் தூக்கினாள், அப்படியே திரும்ப உள்ளே போய்விட்டாள். நான் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். உட்கார்ந்து, சால்வையை மேலே போட்டுக்கொண்டு, ஒரு கையில் குழந்தை, மறு கையால் ஸ்க்ரீனில் குழாய் போகும் வழியைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு மனிதர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அய்யோ, இந்தப் பொண்ணுக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்றேன் இவரிடம்.

“புள்ளைக்குப் பசி இருக்குது. அதான் தெரியுது” என்றார் இவர்.

2

மறுநாள் ஜாய்ஸின் மேலதிகாரி ஹெலனிடமிருந்து மெயில் வந்தது. ஹெலன் நல்லவள்தான். பேத்தி பிறந்தபோது கையால் பின்னிய குல்லாய் அனுப்பியவள். மெயிலும் மரியாதையாகத்தான் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் கன்னத்தில் அறைந்தால்கூட முதலில் உங்கள் கன்னம் நலமா என்று கேட்பார்கள். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் அறையில் இருந்த சிலருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது, அலுவலகச் சூழலுக்கு இது பொருத்தமா என்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசலாமா என்று எழுதியிருந்தாள்.

சட்டம் உன் பக்கம்தான் இருக்கும், பயப்படாதே என்று மருமகன் போனில் சொன்னான். சட்டம் பக்கத்தில் இருந்து என்ன? தினம் முகம் பார்க்க வேண்டியவர்கள் எதிரே அல்லவா இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு சீனியர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு ஜாய்ஸும் கேட்டிருக்கிறாள். எனக்கு அதுதான் கவலை.

வியாழக்கிழமை சாயந்திரம் அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஜாய்ஸ் எங்களோடு பாதி இங்கிலீஷில்தான் பேசுவாள். கோபமோ அழுகையோ வந்தால் மட்டும் முழுத் தமிழ் வரும்.

“அம்மா, என்ன எழுதறதுன்னே தெரியல. நான் செஞ்சது தப்பா?”

“தப்போ ரைட்டோ, ஸாரின்னு ஒரு வரி எழுதிடும்மா. இனிமே நடக்காதுன்னு சொல்லிடு. குனிஞ்சா முதுகு ஒண்ணும் ஒடஞ்சிடாது.”

உண்மையில் என் மனசிலும் அதுதான் இருந்தது. பால் கொடுக்கத் தனி அறை இருக்கிறது, ஐந்து நிமிஷம் மீட்டிங்கை நிறுத்தியிருக்கலாம், நாலு ஆம்பிளைகள் நடுவில் எதற்கு? இதை நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல.

ஜாய்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க சொல்றீங்களா இத? எக்ஸ்சேஞ்ச்ல போர்டுல உக்காந்துக்கிட்டே எனக்குப் பால் குடுத்தவங்க நீங்க. என் அழுக லைன்ல போயி, எதிர்முனையில ஒருத்தர் ‘அது என்ன ஆஸ்பத்திரியா’ன்னு கேட்டார்னு எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கீங்க. அப்ப அது தப்பில்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அழுதது நீதான். பால் குடுத்தது நான் இல்ல.”

3

நான் அப்போது கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தற்காலிக ஆபரேட்டர். இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பேச நினைத்தால் நடுவில் எங்களைப் போல ஒருத்தி வேண்டும். எதிரே ஆள் உயரப் போர்டு. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். நம்பர் கூப்பிட்டால் அதன் மேலிருக்கும் சின்ன மூடி டக்கென்று விழும். கயிறு மாதிரி இருக்கும் ஒயரை எடுத்து அதில் செருகி, “நம்பர் ப்ளீஸ்” என்று கேட்டு, மறு ஒயரை இன்னொரு துளையில் செருக வேண்டும். காதில் ஹெட்செட். பேசுகிற குழல் மட்டும் நெஞ்சின் மேல் பட்டை கட்டித் தொங்கும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அந்தக் குழலைக் கட்டியிருப்பவள் குழந்தையை அங்கே அணைத்தால், அதன் ஒவ்வொரு மூச்சும் லைனில் போகும்.

காலனியில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் எங்கள் தெருவில் நான்தான். தற்காலிகம் என்றாலும் நாற்காலி நாற்காலிதான். நிரந்தரம் ஆகிற பட்டியலில் என் பெயர் இருந்தது. பெயரில் ஒரு கறை விழுந்தால் அடித்துவிடுவார்கள். இவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சனிக்கிழமை இறங்கி வருவார், திங்கள் காலை ஏறிப் போவார். ஜாய்ஸ் நாலு மாதக் கைக்குழந்தை. மாமியார் பார்த்துக்கொண்டார். வீடு எக்ஸ்சேஞ்சுக்குப் பின்தெருவில் என்பதால் நடுவில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவேன்.

என் பக்கத்துப் போர்டில் சரசக்கா. சரஸ்வதி. வடக்கனந்தல் பக்கத்தில் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். என்னைவிட மூத்தவள், நிரந்தர ஆபரேட்டர், வாய் ஜாஸ்தி, மனசு சுத்தம். அவளுக்கும் வீட்டில் ஒரு வயசு நிறையாத பையன். என்னோடு நாள் முழுக்கச் சிரித்துப் பேசுவாள். ஆனால் என் சாப்பாட்டு டப்பாவை அவள் தொட்டதில்லை, என் வீட்டுத் தண்ணீரைக் குடித்ததில்லை. அதை நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கும்படிதான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்திருந்தார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று சரசக்காவின் ஆட்கள் கேட்டார்கள். கேட்டது நியாயமா இல்லையா என்று நான் இங்கே பஞ்சாயத்து வைக்கப் போவதில்லை. ஒருநாள் காலை சரசக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். மதியத்துக்குள் எல்லாச் சாலையும் அடைபட்டுவிட்டது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சைக்கிள்கூடத் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். என் மாமியார் அதற்கு முந்தின நாள்தான் திருநாவலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கேயே மாட்டிக்கொண்டார். இவர் மலையில். நான் மட்டும், கைக்குழந்தையோடு.

“போவாத. புள்ளய வெச்சிக்கினு வூட்டுல கெட” என்றார்கள் எங்கள் தெருவில். அங்கே அடிதடி, இங்கே தீ என்று சேதி வந்தபடி இருந்த நேரம். பயம் எனக்கும்தான். ஆனால் வேறு ஆபரேட்டர் யாரும் வந்து சேர முடியாத நாளில் தற்காலிக ஆளும் வரவில்லை என்றால் பட்டியலில் பெயர் என்ன ஆகும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். சூப்பர்வைசர் கோதண்டம் சார் என் இடுப்பில் இருந்ததைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

“புள்ள சார்.”

“புள்ளன்னு தெரியுது. சரி, சரி, போய் உக்காரு. போலீஸ் லைன் கத்திக்கினு கெடக்குது.”

போர்டு ரூம் ஜன்னல் கம்பியில் என் பழைய புடவையால் தூளி கட்டினேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு என்னையும் சரசக்காவையும் விட்டால் ஆளில்லை.

4

சரசக்கா வீட்டுக்குப் போக முடியாமல் எக்ஸ்சேஞ்சிலேயே தங்கினாள். வடக்கனந்தல் சாலையில் மரம் சாய்த்த கூட்டத்தில் அவளுடைய சொந்தத் தம்பியும் இருந்தான். “என் தம்பிக்காரன் வெட்டிப் போட்ட மரத்துக்கு அந்தாண்ட என் புள்ள அழுதுக்கினு கெடக்குது, இந்தாண்ட நான் கெடக்கறேன். சாமி, இதக் கேக்க ஆளில்லையா” என்று முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. நாலு பேர் நடமாடும் இடத்தில் எங்கே போய்ப் பீய்ச்சி விடுவாள்? ரவிக்கை நனைந்து, புடவைத் தலைப்பால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். காய்ச்சலும் வந்துவிட்டது. ஓட்டல் எல்லாம் மூடிக் கிடந்ததால் நான் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அந்தத் தூக்குச் சட்டியையே பார்த்தாள். அப்புறம் வாங்கிக் குடித்தாள். “உப்பு கம்மி” என்றாள். அவ்வளவுதான், அதைப் பற்றி நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை.

அன்று மதியம் எனக்கு லைட்னிங் கால் வந்தது. எல்லாக் காலையும் ஓரம் தள்ளிவிட்டு உடனே கொடுக்க வேண்டிய அவசரக் கால் அது. ஒரு போலீஸ் அதிகாரி பேசுகிறார். லைன் அடிக்கடி அறுந்தது. நான் ஒயரைப் பிடித்தபடி சேலத்தைக் கூப்பிடுகிறேன், விழுப்புரத்தைக் கூப்பிடுகிறேன். தூளியில் ஜாய்ஸ் விழித்துக்கொண்டாள். நான் எழுந்திருக்க முடியாது. அவள் வீறிட்டாள். என் நெஞ்சில் தொங்கிய குழல் வழியாக அது அப்படியே லைனில் போய்விட்டது.

“ஹலோ, அது இன்னா சத்தம்? ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டியா லைன?” என்று கத்தினார் அதிகாரி.

“இல்ல சார். எக்ஸ்சேஞ்சுதான் சார்.”

“எக்ஸ்சேஞ்சுல எவம்மா புள்ள பெத்தது?”

இதுவரைதான் நான் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்த கதை. மீதியை நடந்தது நடந்தபடி சொன்னதில்லை.

சரசக்கா தன் போர்டில் இரண்டு பக்கம் ஒயர் செருகியபடி உட்கார்ந்திருந்தாள். குழந்தை கத்தக் கத்த அவளுக்குப் பால் தானாகச் சுரந்து வழிய ஆரம்பித்துவிட்டது. பெற்றவர்களுக்குத் தெரியும், எந்தக் குழந்தை அழுதாலும் மார் கேட்கும், யார் பிள்ளை என்று விசாரிக்காது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என்னால் பேச முடியாது, லைனில் அதிகாரி. அவள் ஹெட்செட்டையும் குழலையும் கழற்றி வைத்தாள், எழுந்துபோய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள், திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், தலைப்பை இழுத்து மூடினாள். அழுகை நின்றுவிட்டது. எதிரே இரண்டு மூடி டக்கென்று விழ, ஒற்றைக் கையால் ஹெட்செட்டை எடுத்துக் காதில் ஒட்டி, குழலைத் தோள்மேல் போட்டு, ஒயரைச் செருகி, “நம்பர் ப்ளீஸ்” என்றாள்.

அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வலி விட்ட தண்ணீர். என் கண்ணிலும் வந்தது. நன்றி என்று மட்டும் நினைக்காதீர்கள். என் குழந்தை அப்படி மடக் மடக்கென்று இன்னொருத்தியிடம் குடிப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. வயிறு எரிந்தது. அதனால்தான் இத்தனை வருஷம் இந்தக் கதையில் சரசக்கா இருந்த இடத்தில் என்னை உட்கார வைத்தே சொல்லிவந்தேன்.

கால் முடிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “எஸ்தர், வெளில சொல்லிடாத. எங்க வூட்டுல கொன்னுடுவாங்க.”

அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வாசலில் ஒருவர் நின்றிருக்கிறார். தாலுகா வேலையாக அவசரக் கால் பதிவு செய்ய வந்த குமாஸ்தா. எங்கள் முதுகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். போர்டில் உட்கார்ந்து ஒருத்தி பால் கொடுக்கிறாள். யார் குழந்தை என்று வெளியே கேட்டிருக்கிறார். எஸ்தருடையது என்று சொல்லியிருக்கிறார்கள்.

5

மரங்கள் அகற்றப்பட்டன, பஸ் ஓடியது, மாமியார் வந்தார், இவரும் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தார். எக்ஸ்சேஞ்சும் பழையபடி ஆனது. அதற்கப்புறம்தான் மெமோ வந்தது. டியூட்டி நேரத்தில், போர்டில், அநாகரிகமாகக் குழந்தைக்குப் பால் கொடுத்தாயா, விளக்கம் தேவை. ஆள் இல்லாத நாளில் தூளி கட்டியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அதே கோதண்டம் சார்தான் அதை என் கையில் கொடுத்தார். “மேலேருந்து வந்துச்சிம்மா” என்றார், தரையைப் பார்த்தபடி. தேவைப்படும்போது எல்லாமே பொருத்தமாகத்தான் இருக்கிறது, தேவை முடிந்த பிறகுதான் பொருத்தமா என்ற கேள்வியே வருகிறது. இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

டிவிஷன் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். கோதண்டம் சார் ஓரத்தில் நின்றார்.

“நீங்கதான் பால் குடுத்தீங்களா? ஆமாவா, இல்லையா?”

இல்லை என்று சொன்னால் அப்படியானால் யார் என்பார். சரசக்கா என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் வடக்கனந்தலுக்குச் சேதி போய்விடும், அதுவும் அந்த நேரத்தில், அந்தச் சூட்டில். ஆமாம் என்று சொன்னால் என் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். எங்கள் தெருவே என்னைக் காட்டித்தான் தங்கள் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திக்கொண்டிருந்தது.

“ஆமாங்க சார். தப்புதாங்க. இனிமே நடக்காதுங்க.”

“எழுதிக் குடுங்க.”

காகிதத்தை எடுத்து வைத்தார். நான் பேனாவைப் பிடித்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு சரசக்கா உள்ளே வந்தாள். கூப்பிடவும் இல்லை, அனுமதி கேட்கவும் இல்லை.

“அத அவ எழுத வாணாம் சார். பால் குடுத்தது நானு.”

அதிகாரிக்குப் புரியவில்லை. “உங்க குழந்தையா?”

“இல்ல சார். அவ கொழந்த. என் பாலு.”

அதிகாரி என்னைப் பார்த்தார், சரசக்காவைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரின் சாதியும் அவருக்கு எதிரே இருந்த ஃபைலில் இருந்தது.

“போர்டுல இருந்துக்கிட்டேவா?”

“போர்டுல இருந்துக்கினுதான். எந்தக் காலும் நிக்கல சார். வேணும்னா கால் எழுதி வெச்ச டிக்கெட்ட எடுத்துப் பாருங்க.”

அவர் ஃபைலை மூடினார். எனக்குக் குழந்தையைக் கொண்டுவந்ததற்கு எச்சரிக்கை, அவளுக்குப் பால் கொடுத்ததற்கு எச்சரிக்கை. அதோடு விட்டார். அடுத்த வருஷம் எனக்கு நிரந்தரம் ஆனது. அப்புறம் இவருக்கு ஆப்பிரிக்காவில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியதும், அங்கிருந்து இந்த ஊர் வந்து சேர்ந்ததும் வேறு கதை. ஜாய்ஸின் படிப்பு, இந்த வீடு எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சம்பளம் இருந்தது, அதற்கு அடியில் சரசக்கா இருந்தாள்.

அவளுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். சேதி அவள் வீட்டுக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. மாமியார் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஊரே சுற்றி நிற்கிறது. உள்ளே அவள் பையன் பசியில் கத்துகிறான். மாமியார் உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், பொறுக்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிவந்து அவள் கையில் திணித்துவிட்டு, “மொதல்ல இதுக்கு ஊட்டு. தீட்ட அப்பறம் பாக்கலாம்” என்றாராம். மறுநாள் டியூட்டிக்கு வந்து அதைச் சொல்லும்போது சரசக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் தம்பி அதற்கப்புறம் பல வருஷம் அவளோடு பேசவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

6

ஜாய்ஸ் லேப்டாப்பை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அவங்க இப்ப எங்கம்மா?” என்றாள்.

“அங்கதான். ரிட்டயர் ஆயிட்டா. எப்பவாவது போன்ல பேசுவோம்.”

“எனக்கு இப்ப பேசணும்.”

ஊரில் அப்போது நேரம் ஆகிவிட்டிருந்தது. மறுநாள் காலை, ஜாய்ஸ் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கூப்பிட்டோம். சரசக்காவின் முகம் திரையில் வந்தது. தலை முழுக்க நரை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஜாய்ஸ் மடியில் பேத்தி குடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு, அந்தப் பொண்ணா? அடியே, பல்லு மொளைக்கறதுக்கு முன்னியே என்னக் கடிச்சவ நீ! இன்னா இப்பிடி எளச்சிக் கெடக்கற, உங்கம்மா சோறு போடறாளா இல்லையா?”

“நல்லா இருக்கேன் ஆன்ட்டி.”

“ஆன்ட்டி இன்னா ஆன்ட்டி. பெரிம்மான்னு கூப்புடு.”

ஜாய்ஸ் சிரித்தாள், அப்புறம் அழுதாள். தட்டுத் தடுமாறி ஆபீஸில் நடந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியாகக் கேட்டாள்: “பெரிம்மா, அம்மாதான் எல்லாத்தையும் தன் மேல போட்டுக்கிட்டாங்களே. நீங்க பேசாம இருந்திருக்கலாமே. அம்மா வேலையக் காப்பாத்தணும்னுதானே உள்ள போனீங்க?”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் அதற்காகவே கடிதத்திலும் போனிலும் நன்றி சொல்லிவந்தேன்.

“வேலையா?” என்றாள் சரசக்கா. “அதெல்லாம் அப்ப எனக்குத் தோணவே இல்லம்மா. கதவாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தேன். உங்கம்மா தப்புதாங்கன்னு சொல்றா, பேனாவ எடுக்கறா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. பசிச்ச புள்ளைக்கு நான் பால் குடுத்தேன், அது தப்புன்னு எழுதிக் குடுக்க இவ யாரு?”

திரையில் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்று மதியம் பேத்தியை எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது ஜாய்ஸும் ஹெலனும் அந்தக் கண்ணாடி அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸாரி மெயில் போகவில்லை. அவளே அழித்துவிட்டாள் என்று பிறகு சொன்னாள். ஹெலன் எல்லாம் பேசி முடித்துவிட்டு, நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டாளாம். ஜாய்ஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு நான் காட்டிய வரைபடத்தில் ஏதாவது தவறு இருந்ததா? இல்லை என்றாளாம் ஹெலன். நல்லது, இருந்திருந்தால் அதற்கு மட்டும்தான் நான் மன்னிப்புக் கேட்டிருக்க முடியும் என்றாளாம் ஜாய்ஸ். அந்தச் சீனியர் பதவி என்ன ஆகும் என்று இதை எழுதும்போது எங்களுக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேத்தி சிணுங்க ஆரம்பித்தாள். ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தாள். தனி அறையைத் திறந்துவிடச் சொல்லலாமா என்று இவர் என்னைக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே நேராக அந்தக் கதவைத் தட்டினேன்.